நின்னு விளையாடும் கால்கள்... தெரியுமா உங்களுக்கு?

பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஆளைக் கடப்பதில் உலகத்திலேயே பெரிய கில்லாடி யார்? நாகமலை புதுக்கோட்டையில், தேனி ரோட்டு ஓரத்து டீக்கடையில் சாயங்கால நேரம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். டீ ஆறிப்போகும், இருட்டிப்போகும், பேச்சு மட்டும் முடியாது! காலேஜ் பையன்களுக்கு மெஸ்ஸி. அவர்களுடைய அப்பாக்களுக்கு மரடோனா. "ரொனால்டினோவ விட்டுட்டுப் பேசாத மாப்ள" என்று நடுவில் ஒரு குரல். அன்றைக்கு மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கினார். "கரிஞ்சானு ஒருத்தன் இருந்தான். கேள்விப்பட்டிருக்கீகளாப்பா?"

பாதிப் பேருக்குத் தெரியவில்லை. எனக்கும் பெயர் மட்டும்தான் தெரியும். அன்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட வந்த ஒவ்வொரு செய்தியும் அப்படியே உட்கார வைத்துவிட்டது. உங்களிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை!

முதலில் நம் மலையிலிருந்தே தொடங்குவோம். மதுரையை அழிக்க ஏவிவிட்ட பெரும் பாம்பு, பாண்டியனின் அம்பு பட்டு மலையாகிப் படுத்துவிட்டது, அதுதான் நாகமலை என்பது திருவிளையாடல் கதை. சரி, இந்தியக் கால்பந்தில் 'பாம்பாட்டி' என்றே பட்டப்பெயர் வாங்கிய ஒருவர் இருந்தார், தெரியுமா? பெங்களூரு அகமது கான்! மகுடிக்குப் பாம்பு ஆடுவது போல அவர் கால் அசைவுக்குப் பந்து ஆடும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து இறங்கிய இந்திய அணியில் அவர் இருந்தார். நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்கால், சிலர் துணி சுற்றிய கால்! எதிரே பூட்ஸ் போட்ட பிரெஞ்சுக்காரர்கள். இரண்டு பெனால்டியை நாம் தவறவிட்டோம். அப்படியும் ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்வரை 1-1 என்று நின்றது! கடைசியில் 2-1 என்று பிரான்ஸ் தப்பித்தது. அந்த ஒரு கோலை, ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலை, அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன்!

நான்கு வருடம் கழித்து ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று துவைத்து எடுத்தது. அந்த ஒற்றை இந்தியக் கோல் யாருடையது? அதே பாம்பாட்டியுடையது.

கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஒரு காலத்தில் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடினார்கள். அந்த ஊரே அவர்களைப் 'பஞ்ச பாண்டவர்' என்றுதான் அழைத்தது. வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. பெயர்களைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். ஒருவர்கூட வங்காளி இல்லை, அத்தனை பேரும் தெற்கத்திக்காரர்கள்! 1949, 1950, 1951 என்று வரிசையாக மூன்று வருடம் ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தூக்கினார்கள். இன்றைக்கும் கொல்கத்தாவில் வயதானவர்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

வெறுங்காலோடு வெளிநாடு போய் ஐரோப்பிய கிளப்புக்கு ஆடிய இந்தியர் ஒருவரும் உண்டு, தெரியுமா? கொல்கத்தாவின் முகமது சலீம். 1936-ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப் வாசலில் போய் நின்றார். பூட்ஸ் வேண்டாம் என்றார். பயிற்சியாளர்களில் ஒருவர் அவர் பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போட்டுவிட, அப்படியே மைதானத்தில் இறங்கினார். கால்ஸ்டன் அணிக்கு எதிராக செல்டிக் 7-1 என்று ஜெயித்தது. ஸ்காட்லாந்துப் பத்திரிகைகள் அவர் கால்விரல்களைப் பற்றியே எழுதித் தள்ளின! இருந்தும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது மனுஷனுக்கு, திரும்பிவிட்டார். பல வருடம் கழித்து, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மகன் செல்டிக்குக் கடிதம் போட்டார். பணம் கேட்டு அல்ல, நினைவில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க. நூறு பவுண்டு வந்து சேர்ந்தது. நினைவில் வைத்திருந்தார்கள்!

இன்னும் பின்னால் போனால் 1911. வெள்ளைக்கார ராணுவ அணியை 2-1 என்று கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப் வீழ்த்தி அதே ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கியது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். ஒரு கோலை அடித்த கேப்டன் ஷிப்தாஸ் பாதுரிக்கு, தோற்ற ஆங்கிலேயர்களே கொடுத்த பட்டப்பெயர் 'வழுக்கல் ஷிப்தாஸ்'. விலாங்கு மீனைக் கையால் பிடிக்கப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பெயரின் அருமை புரியும்.

பாஸ் என்ற ஒன்றே இல்லாத ஆட்டம்!

இதைக் கேளுங்கள், எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. 1863-ல் இங்கிலாந்தில் கால்பந்துக்கு விதி எழுதினார்களே, அந்த முதல் விதிப்படி பந்துக்கு முன்னால் நிற்கும் சொந்த அணிக்காரர் யாராக இருந்தாலும் ஆஃப்சைடு! அப்படியானால் முன்பக்கம் யாருக்கு பாஸ் கொடுப்பது? யாருக்கும் கொடுக்க முடியாது. பந்து கிடைத்தவன் அதைக் காலில் ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும், கூட்டாளிகள் அவன் பின்னாலேயே ஓட வேண்டும், அவன் பறிகொடுத்தால் அடுத்தவன் எடுக்க வேண்டும். நம் ஊர்ப் பொடிப் பையன்கள் பந்து போகும் இடமெல்லாம் மொத்தமாக மொய்த்துக்கொண்டு ஓடுவார்களே, அப்படித்தான்! பந்தோடு ஆளைக் கடக்கும் இந்த டிரிபிளிங் என்பது ஆட்டத்தின் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. ஆரம்பத்தில் ஆட்டமே அதுதான். 1866-ல் விதி தளர்ந்தது. அதன்பின் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் பந்தைத் தட்டிக் கொடுத்து ஆடக் கற்றார்கள். 1872 நவம்பர் 30, கிளாஸ்கோ, உலகின் முதல் சர்வதேசப் போட்டி. தனித்தனியாகக் கடத்திக்கொண்டு ஓடும் இங்கிலாந்து ஒரு பக்கம், சேர்ந்து ஆடும் ஸ்காட்லாந்து மறுபக்கம். முடிவு? 0-0!

பத்து விநாடி

டீக்கடை அப்பாக்கள் மரடோனாவை ஏன் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்? 1986 ஜூன் 22, மெக்சிகோ, அஸ்டெகா மைதானம், இங்கிலாந்துடன் உலகக்கோப்பைக் காலிறுதி. கையால் தட்டி ஒரு கோலைப் போட்டு நான்கே நிமிடம் ஆகியிருக்கிறது. தன் பாதியிலேயே, முதுகு கோலைப் பார்த்திருக்கப் பந்தை வாங்குகிறார். ஒரு சுழற்சி. இரண்டு பேர் அங்கேயே காலி. பிறகு ஓட்டம். சுமார் 60 மீட்டர், பத்து விநாடிக்குச் சற்று மேல். பியர்ட்ஸ்லி, ரீட், புட்சர், ஃபென்விக், மறுபடியும் துரத்தி வந்த புட்சர், கடைசியில் கோல்கீப்பர் ஷில்டன். அந்த ஓட்டத்தில் பந்து அவர் காலில் பட்டது பதினொரு முறை. பதினொன்றும் இடது கால்! வலது கால் எதற்கு இருந்தது? ஓடுவதற்கு மட்டும். ரேடியோவில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்த விக்தர் ஊகோ மொராலெஸ் அழுதே விட்டார். விண்வெளியிலிருந்து வந்த பட்டம் என்று அவரைக் கூப்பிட்டார். மொட்டை மாடியில் பட்டம் விட்டவர்களுக்குத் தெரியும், இந்தப் பக்கம் சாய்கிறது என்று நினைக்கும்போது அது அந்தப் பக்கம் பாயும்!

இன்னொரு விஷயம். மரடோனாவுக்கு அந்த பாஸைக் கொடுத்தவர் எக்தர் என்ரிக்கே. சாதாரணமாகப் பக்கத்தில் தட்டிவிட்ட பாஸ்தான். ஆனாலும், அப்படி ஒரு பாஸ் கொடுத்த பிறகு கோல் போடாமல் இருக்க முடியுமா என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்!

2007 ஏப்ரல் 18-ல் கெடாஃபே அணிக்கு எதிராக 19 வயது மெஸ்ஸி ஏறக்குறைய இதே கோலை இதே பாதையில் திரும்பப் போட்டார். இரண்டையும் அருகருகே ஓடவிட்டுப் பார்த்தால் மயிர்க்கூச்செறிகிறது. 1994 உலகக்கோப்பையில் சவூதியின் சயீத் அல்-ஒவைரான் பெல்ஜியத்துக்கு எதிராகத் தன் பாதியிலிருந்து கிளம்பி ஓடி ஓடிப் போட்ட கோலையும் தேடிப் பாருங்கள். பெயர் தெரியாதவர்களே அதிகம், பார்த்தபின் மறப்பவர் யாரும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இவை எல்லாம் ஓடிக் கடந்தவை. வேகம் இருக்கிறது, வழி திறக்கிறது, உள்ளே பாய்கிறார்கள். இன்னொரு ஜாதி ஆட்டம் இருக்கிறது. அதை மதுரைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை!

அவனியாபுரத்திலோ பாலமேட்டிலோ அலங்காநல்லூரிலோ வாடிவாசலைத் திறந்ததும் சில காளைகள் அம்பு மாதிரி ஓடிப் போய்விடும். வேறு சில காளைகள் போகாது. நின்னு விளையாடும்! நாலு கால்களையும் ஊன்றி நிற்கும். சுற்றி நிற்கிறவர்களைப் பார்க்கும். லேசாகத் தோளை ஆட்டும். அவ்வளவுதான், பத்துப் பேர் பின்னால் தெறிப்பார்கள். அந்தக் காளைக்கு விழும் விசில் ஓடுகிற காளைக்கு விழாது. கபடியிலும் பாருங்கள், பாடிப் போகிறவன் நடுவில் ஒரு கணம் அசையாமல் நிற்பான். பிடிக்கிறவன் உடம்பில்தான் முதல் பதற்றம் தொடங்கும்.

கால்பந்தில் நின்னு விளையாடியவர்கள் யார் யார்?

இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ். முடி திருத்தும் குத்துச்சண்டைக்காரர் ஒருவரின் மகன். ஓரத்தில் பந்தோடு நிற்பார், எதிராளியை நெருங்க விடுவார், இடுப்பை உட்பக்கம் சாய்ப்பார், எதிராளியும் சாய்ந்ததும் வெளிப்பக்கம் போய்விடுவார். வாரா வாரம் அதே தந்திரம். எல்லாருக்கும் தெரியும், யாராலும் தடுக்க முடியவில்லை. உலகின் முதல் 'பாலோன் தோர்' விருது 1956-ல் இவருக்குத்தான். அப்போது வயது 41! அதோடு நிற்கவில்லை. 1965 பிப்ரவரியில், 50 வயது முடிந்து ஐந்து நாள் ஆனபின், இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் முழு ஆட்டம் ஆடினார். ஐம்பது! ஓடி ஜெயித்தவராக இருந்தால் இது நடக்குமா?

மனிதக் கண் ஒன்றைப் பார்த்து, மூளைக்குச் சொல்லி, கால் அசைவதற்குக் கிட்டத்தட்ட கால் விநாடி ஆகிறது. எதிராளி அந்தக் கால் விநாடியை மிச்சம் பிடிக்க முன்கூட்டியே யூகிக்கப் பார்ப்பான். பொய் சொல்ல இடம் கிடைப்பது அங்கேதான். அதனால்தான் தடுப்பாட்டக்காரர்களுக்குக் கோச் திரும்பத் திரும்பச் சொல்வது: காலைப் பார்க்காதே, பந்தைப் பார், இடுப்பைப் பார். கால் பொய் சொல்லும். இடுப்பு சீக்கிரம் பொய் சொல்லாது. அந்த இடுப்பையும் பொய் சொல்லப் பழக்கியவன்தான் மேதை!

நெதர்லாந்தின் யோஹன் க்ரைஃப் ஸ்வீடன்காரர் யான் ஓல்சனை ஏமாற்றியது 1974 ஜூன் 19, டார்ட்மண்டில். பந்தைத் தூக்கிப் போடப்போவது போலக் காலை வீசி, அதே காலால் பந்தைத் தன் பின்பக்கமாக இழுத்துத் திரும்பிவிட்டார். இன்றைக்கும் அந்தத் திருப்பத்துக்கு அவர் பெயர்தான். ஆச்சரியம் என்ன தெரியுமா? ஏமாந்த ஓல்சன், தன் ஆட்ட வாழ்க்கையிலேயே பெருமையான தருணம் அதுதான் என்றார்! அந்த ஆட்டத்தில் கோலே விழவில்லை, 0-0. ஆனால் ஐம்பது வருடமாக அந்த ஒரு விநாடியைத்தான் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரொனால்டினோவின் 'எலாஸ்டிகோ'வுக்கும் ஒரு கதை உண்டு. பாதத்தின் வெளிப்புறத்தால் பந்தைத் தள்ளி, அது காலை விட்டு நகர்வதற்குள் உட்புறத்தால் இழுத்துக்கொள்வது. பிரேசிலின் ரிவெலினோ இதைப் புகழ்பெறச் செய்தார். ரிவெலினோவுக்குக் கற்றுக்கொடுத்தவர் செர்ஜியோ எச்சிகோ, பிரேசிலில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர்!

நம்மவர்களில்? சிங்கப்பூர் வி. சுந்தரமூர்த்தி! தமிழ்ப் பெயர், கண்ணைக் கூச வைப்பவர் என்ற பொருளில் 'டாஸ்லர்' என்று பட்டம். பந்தை வைத்துக்கொண்டு ஆளை நிறுத்தி ஆட்டம் காட்டியவர். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வரைக்கும் போய் ஆடினார், பிற்பாடு சிங்கப்பூர் தேசிய அணிக்கே கோச் ஆனார். அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர் யாரையாவது கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

'திமிரு' படத்தில் விஷாலோடு மோதும் வில்லனை நினைவிருக்கிறதா? 'பிகில்' படத்திலும் வந்தாரே? ஐ.எம். விஜயன்! திருச்சூர் ஸ்டேடியத்தில் பாட்டிலுக்குப் பத்துப் பைசா லாபத்துக்கு சோடா விற்ற பையன். அதே ஸ்டேடியத்தில் பிறகு ஆயிரக்கணக்கானோர் அவரைப் பார்க்க வந்தார்கள். 1999-ல் பூட்டானுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கி 12 விநாடியில் கோல்! சினிமாவில் முறைக்கிற அந்த முகத்துக்குக் கீழே எப்பேர்ப்பட்ட கால்கள் இருந்தன என்று தெரியாமலே படம் பார்த்துவிட்டோம்.

இப்போதைய பிள்ளைகளையும் சொல்லியாக வேண்டும். காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூர் சிவசக்தி நாராயணன் 2022-23 இந்திய சூப்பர் லீக் சீசனின் வளரும் வீரர் விருதை வாங்கினார். இங்கிருந்து இரண்டரை மணி நேர பஸ் தூரம்தான் அவர் ஊர்! சென்னை நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட் 12-ல் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் போட்ட கோல், நான்கரை வருடமாக மோகன் பகானிடம் ஜெயிக்க முடியாத ஈஸ்ட் பெங்காலை அழ வைத்தது, சந்தோஷத்தில்! பஞ்ச பாண்டவர் ஆடிய அதே கிளப்புக்கு மறுபடியும் ஒரு தெற்கத்திக் கால்.

டீக்கடை விவாதத்தில் ஒரு பெண் பெயர்கூட வரவில்லை என்பது எனக்கு உறுத்தியது. மதுரையின் சேது எஃப்.சி. 2019 மே 22-ல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையை வாங்கியது, தெரியுமா? மதுரை அணி, இந்திய சாம்பியன்! கடலூர் இந்துமதி கதிரேசன், நாட்டுக்கும் ஆடினார், தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் பார்த்தார். பிரேசிலின் மார்த்தாவைப் பாருங்கள். 2007 உலகக்கோப்பை அரையிறுதியில் கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, பந்தை ஒரு பக்கம் தட்டிவிட்டுத் தான் மறுபக்கமாகச் சுற்றிவந்து அமெரிக்கத் தடுப்பைக் கடந்த அந்த கோலுக்கு இணையாக ஆண்கள் ஆட்டத்தில் எத்தனை இருக்கிறது? உலகக்கோப்பைகளில் அவருக்கு மொத்தம் 17 கோல். 2022 வரை ஆண்களில்கூட யாரும் அதைத் தொடவில்லை.

இப்போது மெஸ்ஸி. பையன்களே, உங்கள் கட்சிக்கு வலு சேர்க்கிறேன். 2022 டிசம்பர் 13, கத்தார், குரோஷியாவுடன் அரையிறுதி. மெஸ்ஸிக்கு வயது 35. துரத்துகிறவர் அந்த உலகக்கோப்பையின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான 20 வயது குவார்டியோல். மெஸ்ஸி ஓடுகிறார், சட்டென்று நிற்கிறார், மறுபடி ஓடுகிறார், மறுபடி நிற்கிறார். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் குவார்டியோல் அரை அடி கூடுதலாகப் போய்விடுகிறார். கோல் கோட்டருகே ஒரு திருப்பம், ஆல்வாரெஸுக்கு பாஸ், கோல். பதினைந்து வயது இளையவனை ஓடி ஜெயிக்கவில்லை, நின்று ஜெயித்தார்!

இருந்தாலும் என் ஓட்டு அந்தப் பெரியவருக்கே.

கரிஞ்சா. பிரேசிலின் பாவ் கிராந்தே என்ற மில் ஊரில் 1933-ல் பிறந்தவர். கரிஞ்சா என்பது ஒரு சின்னக் குருவியின் பெயர். பிறவியிலேயே இரண்டு கால்களும் வளைந்தவை. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, இரண்டும் ஒரே பக்கம் காற்றில் சாய்ந்த வாழைமரம் போல. ஒரு கால் மற்றதைவிட ஆறு சென்டிமீட்டர் குட்டை! பொட்டாஃபோகோ கிளப்பில் சோதனை ஆட்டத்துக்கு வந்தபோது எதிரே நிறுத்தியது பிரேசிலின் தேசிய அணித் தடுப்பாட்டக்காரர் நில்டன் சாண்டோஸை. அவருடைய கால்களுக்கு நடுவிலேயே பந்தை விட்டு எடுத்துப் போனார் இந்தப் பையன். இவனை உடனே சேர்த்துக்கொள்ளுங்கள், எதிரணியில் இவனை என்னால் சமாளிக்க முடியாது என்றாராம் சாண்டோஸ்.

அவர் ஆட்டம் எப்படி என்றால், பந்தை முன்னால் வைத்துவிட்டு நிற்பார். எதிராளியும் நிற்பான். உடம்பு மட்டும் போகும், பந்து இருந்த இடத்திலேயே இருக்கும்! எதிராளி உடம்போடு போய்விட்டு வெட்கத்தோடு திரும்பி வருவான். மறுபடியும் அதே. மூன்றாவது முறை நிஜமாகவே வலப்பக்கம் கிளம்பிவிடுவார். வலப்பக்கம்தான் போவார் என்று உலகத்துக்கே தெரியும். எப்போது என்பது மட்டும் தெரியாது. காளைச் சண்டையில் எழும் 'ஓலே' கூச்சல் கால்பந்து மைதானத்துக்கு வந்ததே 1958-ல் மெக்சிகோவில் இவர் ஒரு அர்ஜென்டினாக்காரரை நிறுத்தி வைத்து ஆட்டம் காட்டியபோதுதான் என்பார்கள். நின்னு விளையாடுகிற காளைக்கு நம்மூரில் விழும் விசில், அங்கே இவருக்கு விழுந்தது!

1962 உலகக்கோப்பையில் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயப்பட்டு வெளியேறினார். பிரேசில் முடிந்தது என்றார்கள். கரிஞ்சா காலிறுதியில் இரண்டு, அரையிறுதியில் இரண்டு கோல் போட்டுக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். பெலேயும் அவரும் சேர்ந்து ஆடிய ஒரு ஆட்டத்தில்கூட பிரேசில் தோற்றதில்லை. நாட்டுக்காக அவர் ஆடிய 50 ஆட்டங்களில் ஒரே தோல்வி, அது கடைசி ஆட்டம்.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே எதிர்ப் பொட்டலைக் கைகாட்டினார். கல்லை வைத்து கோல் கட்டியிருந்தார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்ட ஒரு பொடியன், கட்டைவிரலை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தால் பந்தைத் தொட்டுக்கொண்டு நின்றான். எதிரே அவனைவிட இரண்டு மடங்கு உயரமான பையன். "வாடா, வந்து எடுடா." புழுதி அடங்கும்வரை யாரும் அசையவில்லை.

"அந்த நாய்க் கதை தெரியுமாப்பா?" என்றார் பெரியவர்.

தெரியாது. அவரே சொன்னார். 1962 ஜூன் 10, சிலியில் இங்கிலாந்துடன் காலிறுதி. நடு ஆட்டத்தில் ஒரு தெருநாய் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டது. பிடிக்கப் போனவர்களை எல்லாம் வளைந்து வளைந்து கடந்தது. கரிஞ்சாவே குறுக்கே போனார், அவரையும் டாட்ஜ் கொடுத்துத் தாண்டியது! கடைசியில் இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸ் நாய் மாதிரியே தரையில் நாலு காலில் தவழ்ந்து போய் அதைக் கையில் எடுத்தார். அது அவர் சட்டையை நனைத்துவிட்டது. ஆட்டம் 3-1, பிரேசிலுக்கு. கோப்பையும் பிரேசிலுக்கு. கரிஞ்சா ஊருக்குத் திரும்பும்போது அந்த நாயையும் தன்னோடு கொண்டுபோனார்.